குழந்தை எங்கே?

1897-ஆம் வருஷத்தில் பம்பாய்ப் பிளேக்கை அடக்குவதற்காக அவசர அவசரமாக இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் இக்காலத்துக்குப் போதாது என்றும், அதைத் தக்கபடி திருத்தவோ, அதன் இடத்தில் விரிவான புதுச் சட்டம் ஒன்றை இயற்றவோ வேண்டுமென்றும் சட்டக் கமிஷன் தனது 286-வது அறிக்கையில் யோசனை கூறியிருக்கிறது. அறிக்கை வெளியானது 2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். யோசனையை நாம் மனமார ஆதரிக்கிறோம். பழைய சட்டத்தைப் படிக்கச் சில நிமிஷங்களே போதும். சர்க்காருக்கு எதையும் செய்ய அதிகாரம் உண்டு; உத்தரவை மீறினவனுக்குத் தண்டனை உண்டு; நல்லெண்ணத்தோடு காரியம் செய்த அதிகாரியின்மீது வழக்குத் தொடர முடியாது. சாரம் அவ்வளவே. ஜனங்களுக்குச் சர்க்கார் செய்யவேண்டிய கடமை இன்னதென்று அதில் ஒரு வரிகூட இல்லை. அன்னியன் எழுதிய சட்டத்தில் அது இல்லாதது ஆச்சரியமுமில்லை.

புதுச் சட்டத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு இடம் இருக்கும். தடுப்பூசிக்கு இடம் இருக்கும். நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதற்கும் இடம் இருக்கும். இவையெல்லாம் அவசியமே. ஆனால் குழந்தைகளுக்காக ஒரு ஷரத்தும் அதில் இருக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். கொரோனாவினால் மாண்டவர்களில் குழந்தைகள் மிகச் சிலரே. கொரோனாவை முன்னிட்டுச் செய்த ஏற்பாடுகளினால் அடிபட்டவர்களிலோ குழந்தைகளே மிகப் பலர். இந்த வித்தியாசத்தை உணராமல் எழுதப்படும் சட்டம் எத்தனை பக்கங்களுக்கு நீண்டாலும் 1897-ஆம் வருஷத்துச் சட்டத்தைவிட மேலானதாகாது.

2020-ஆம் வருஷம் மார்ச் 25-ஆம் தேதி முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. "வீட்டிலேயே இருங்கள், வீடே பத்திரம்" என்பதுதான் அன்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி. நோய்க்கிருமியைப் பற்றிய வரையில் அது சரியான புத்திமதி. ஆனால் வீடே பத்திரமில்லாத குழந்தைகள் உண்டு என்பதை அந்த உத்தரவை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. குடித்துவிட்டு வரும் தகப்பனுக்கும் குழந்தைக்கும் இடையில் பகல் பொழுதாவது பள்ளிக்கூடம் இருந்தது. அத்தை மகனோ, மாமனோ, அடுத்த வீட்டுக்காரனோ கையை நீட்டுவதற்கும் சிறுமிக்கும் இடையில் நாளில் ஏழு மணி நேரமாவது ஒரு சுவர் இருந்தது. ஓர் உத்தரவினால் அந்தச் சுவர் இடிந்தது. ஊரடங்கு உத்தரவுகள் பிறந்த சில வாரங்களிலேயே, ஏப்ரல் 5-ஆம் தேதி, ஐக்கிய நாடுகள் சபையின் காரியதரிசி அந்தோனியோ குட்டெரெஸ், போர்க்களத்தில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் யுத்த நிறுத்தம் வேண்டுமென்று உலகத்தை வேண்டிக்கொண்டார். பெண்களையும் சிறுமிகளையும் மனத்தில் கொண்டே அவர் அப்படிச் சொன்னார். அந்த வேண்டுகோள் பத்திரிகைகளில் வெளியாயிற்று. சர்க்கார் உத்தரவுகளில் ஏறவில்லை.

நமது ராஜ்யத்தின் விஷயத்தையே பார்ப்போம். சென்னையில் வீடு வீடாகச் சென்று நோய் விசாரிக்க ஆயிரக்கணக்கான ஊழியர்களை நகரசபை நியமித்தது. வெயிலிலும் மழையிலும், நோய் தொற்றும் என்ற பயத்தையும் பொறுத்துக்கொண்டு அவர்கள் படியேறி இறங்கினார்கள். அவர்களுடைய உழைப்புக்கு நாம் தலை வணங்குகிறோம். வாசற்படியில் நின்று அவர்கள் கேட்ட கேள்விகள் என்ன? காய்ச்சல் உண்டா? சளி, இருமல் உண்டா? மூச்சுத் திணறுகிறதா? வயதானவர்கள் எத்தனை பேர்? கேட்கவேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அந்தப் பட்டியலின் அடியில் இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கலாமே: "குழந்தை எங்கே? கொஞ்சம் கூப்பிடுங்கள், பார்க்கிறோம்." இதற்குச் செலவு ஒரு காசில்லை. வீட்டு வாசலுக்குச் சர்க்கார் தினந்தோறும் வந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற குழந்தையைப் பார்க்காமலே அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

குழந்தைகளுக்கு அப்படி என்ன நேர்ந்துவிட்டது, புள்ளிவிவரம் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. உண்டு. ஆனால் அதைப் படிப்பதற்குச் சிறிது ஜாக்கிரதை வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் என்று 2019-ஆம் வருஷத்தில் பதிவான வழக்குகள் 1,48,185. 2020-ஆம் வருஷத்தில் அவை 1,28,531 ஆகக் குறைந்தன. நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல் குறைவு. 2021-ஆம் வருஷத்தில் மறுபடி 1,49,404 ஆகவும், 2022-ஆம் வருஷத்தில் 1,62,449 ஆகவும் உயர்ந்தன. இதை மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர், ஊரடங்கினால் குழந்தைகளுக்கு நன்மையே விளைந்தது, தகப்பன்மார் வீட்டில் இருந்ததால் குற்றம் குறைந்தது என்று முடிவு கட்டிவிடலாம். அப்படிச் சொன்னவர்களும் உண்டு.

நியாயஸ்தலத்தில் சில வருஷங்கள் பழகியவர் எவரும் இந்த முடிவை ஒப்புக்கொள்ளமாட்டார். வழக்கு என்பது தானாகப் பிறப்பதன்று. ஒருவர் காயத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தவர் சந்தேகப்பட வேண்டும். சந்தேகப்பட்டவர் வாய் திறக்க வேண்டும். அதைக் கேட்டு ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த நான்கில் ஒன்று அறுந்தாலும் குற்றம் நடந்திருக்கும், வழக்கு இராது. போக்ஸோ சட்டத்தின் கீழ் வரும் கொடிய வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி குழந்தைக்கு முன்பே தெரிந்தவன் என்று அதே காப்பகம் வருஷந்தோறும் சொல்லி வருகிறது. அன்னியன் உள்ளே வராதபடி கதவைச் சாத்தினோம்; தெரிந்தவனைக் குழந்தையோடு சேர்த்து உள்ளேயே வைத்துச் சாத்தினோம். அந்த வருஷத்தில் குற்றம் குறைந்தது என்று நம்புவதற்கு எந்த முகாந்திரமும் நமக்குத் தென்படவில்லை. குறைந்தது குற்றமன்று, சாட்சி.

நமது அபிப்பிராயத்துக்கு அதே கணக்கிலேயே வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது. மற்றவை குறைந்த அதே வருஷத்தில் குழந்தை விவாகத் தடைச் சட்டத்தின்படி பதிவான வழக்குகள் மட்டும் 523-லிருந்து 785 ஆக உயர்ந்தன. அடுத்த வருஷம் 1,050 ஆயின. 2020-ஆம் வருஷத்தின் 785-ல் நமது ராஜ்யத்தைச் சேர்ந்தவை 77. இது ஏன் உயர்ந்தது? விவாகத்தை எவ்வளவு ரகசியமாக நடத்தினாலும் அதை மூடி வைக்க முடியாது. வாசலில் வாழைமரம் கட்டாவிட்டாலும் கோவிலுக்குப் போக வேண்டும்; தாலி கடைக்காரனுக்குத் தெரியும்; பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். யாரோ ஒருவர் போன் செய்துவிடுகிறார்; அதிகாரி வருகிறார். தெருவில் தெரிகிற கொடுமை கணக்கில் ஏறியது. அறைக்குள் நடந்த கொடுமை கணக்கிலிருந்து இறங்கியது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

விவாகங்கள் பெருகியதற்கும் காரணம் தெரிந்ததே. பிழைப்புப் போயிற்று. பள்ளிக்கூடம் இல்லை. ஐம்பது பேருக்கு மேல் விவாகத்துக்குக் கூடாதென்று சர்க்காரே உத்தரவிட்டதால், ஊருக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டிய செலவு மிச்சம். பதினைந்து வயதுப் பெண்ணைக் கரையேற்ற இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா என்று எண்ணினார்கள் ஏழைப் பெற்றோர். 1929-ஆம் வருஷத்தில் சாரதா சட்டத்துக்காக நமது முன்னோர் எத்தனை கூட்டங்கள் போட்டார்கள், வைதிகர்களிடம் எத்தனை வசவு வாங்கினார்கள்! அது நிறைவேறித் தொண்ணூறு வருஷங்கள் கழிந்த பின்னும், பதினெட்டு நிறையாமல் விவாகமான பெண்கள் நமது தேசத்தில் நூற்றுக்கு 23 பேர் என்று 2019-21-ஆம் வருஷத்துத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புக் கூறுகிறது. இருபதிலிருந்து இருபத்துநாலு வயது வரையுள்ளவர்களிடம் எடுத்த கணக்கு இது. கொள்ளைநோயின் பின்விளைவாக 2030-ஆம் வருஷத்துக்குள் உலகத்தில் இன்னும் ஒரு கோடிச் சிறுமிகள் இந்தக் கதிக்கு ஆளாகக்கூடும் என்று யூனிசெஃப் 2021-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் எச்சரித்தது.

நிற்க. பள்ளிக்கூடம் என்றால் பாடம் சொல்லும் இடம் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். மூடிய பின்பு சர்க்கார் கவலைப்பட்டதும் பாடத்தைப் பற்றித்தான். தொலைக்காட்சியில் வகுப்பு நடத்தலாமா, கைபேசியில் நடத்தலாமா, பரீட்சை வைக்கலாமா, எல்லோரையும் தேறியதாக அறிவிக்கலாமா என்றே மாதக்கணக்கில் யோசனை நடந்தது. ஆனால் பள்ளிக்கூடம் இன்னொரு காரியத்தையும் ஓசையில்லாமல் செய்து வந்திருக்கிறது. நாள் தவறாமல் காலையில் உபாத்தியாயினி பெயர் கூப்பிடுகிறாள். குழந்தை "உள்ளேன்" என்கிறது. கன்னத்தில் ஏன் கன்றியிருக்கிறது, ஏன் இன்று பேசாமல் இருக்கிறாய், ஏன் சத்துணவை இப்படி அவசரமாக விழுங்குகிறாய் என்று கேட்கிறாள். வீட்டாரைத் தவிர வேறொரு மனிதர் குழந்தையை நாள்தோறும் ஏறிட்டுப் பார்க்கும் இடம் பெரும்பான்மையான குழந்தைகளுக்கு இது ஒன்றே. அமெரிக்காவில் குழந்தைகள் கொடுமைக்கு ஆளாவதாக அதிகாரிகளுக்கு எட்டும் தகவல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடங்களிலிருந்து வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நமது தேசத்தில் அத்தகைய கணக்கு எடுத்தால் பங்கு இன்னும் குறைவாகவே இருக்கும். நமது உபாத்தியாயர்களுக்கு அந்தப் பழக்கத்தை நாம் கற்பிக்கவில்லை. ஆனால் கண் இருந்தது. அதை மூடினோம். தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ளவர்களுக்கு 2020 மார்ச் நடுவில் மூடிய கதவு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. பத்தொன்பது மாதங்களுக்கு மேல்! ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்குப் போன குழந்தை மூன்றாம் வகுப்பில் திரும்பி வந்தது.

பள்ளிக்கூடமே யோக்கியமான இடமென்று நாம் சாதிக்க வரவில்லை. கொடுமை செய்த உபாத்தியாயர்களின் கதைகள் ஊரடங்குக் காலத்திலேயே சென்னையில் வெளிவந்து, மாணவிகளும் பழைய மாணவிகளும் துணிந்து வாய் திறந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் அங்கே நடந்தது வெளியே வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பேசுவதற்குத் தோழிகள் இருந்தார்கள்.

இந்தக் காலத்தில் எது முதலில் திறந்தது? மதுக்கடை. மார்ச் மாதக் கடைசியில் மூடிய கடைகள் மே மாதம் 7-ஆம் தேதி சென்னைக்கு வெளியே திறக்கப்பட்டன. மறுநாளே ஹைகோர்ட் மூடச் சொல்லிற்று. ராஜ்ய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடித் தடையுத்தரவு வாங்கி 16-ஆம் தேதி மறுபடி திறந்தது. மதுவிலக்கைப் பற்றி இங்கே வாதம் செய்ய நாம் வரவில்லை. அதற்கு வேறு நாள் உண்டு. ஒரே கூரையின் கீழ் வேலையிழந்த தகப்பன், கையில் புட்டி, வெளியே போக முடியாத குழந்தை என்ற மூன்றையும் சர்க்காரே சேர்த்து வைத்தது என்பதை மாத்திரம் சொல்கிறோம். கடையைத் திறக்கச் சுப்ரீம் கோர்ட் வரை சென்ற வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்தைத் திறப்பதில் காட்டப்பட்டதா? பொக்கிஷத்துக்கு வருமானம் வேண்டும் என்பது பதில். பதில் நமக்குப் புரிகிறது. அதனாலேயே கேள்வி மறைந்துவிடாது.

இவையெல்லாம் முன்கூட்டித் தெரியாதே, திடீரென்று வந்த ஆபத்தல்லவா என்று சிலர் சர்க்காருக்காகப் பரிந்து பேசக்கூடும். தெரிந்திருக்க வேண்டும் என்பதே நமது பதில். ஆறு வருஷங்களுக்கு முன்புதான் மேற்கு ஆப்பிரிக்காவில் இதே நாடகம் முழுவதும் நடந்து முடிந்திருந்தது. 2014-ஆம் வருஷத்தில் சியரா லியோன் தேசத்தில் எபோலா என்னும் கொடிய நோய் பரவியது. கோடை விடுமுறைக்கு மூடிய பள்ளிக்கூடங்கள் 2015 ஏப்ரல் வரை திறக்கப்படவில்லை. திறந்தபோது ஏராளமான சிறுமிகள் கர்ப்பிணிகளாக இருந்தார்கள். அந்தச் சர்க்கார் செய்தது என்ன தெரியுமா? வயிறு தெரிகிற பெண்கள் வகுப்புக்குள் வரக்கூடாதென்று தடை விதித்தது! குற்றம் செய்தவன் தெருவில் திரிந்தான். குற்றத்துக்கு ஆளானவள் வாசலில் நிறுத்தப்பட்டாள். மேற்கு ஆப்பிரிக்க தேசங்களின் கூட்டு நியாயஸ்தலம் 2019 டிசம்பரில் இந்தத் தடை பாரபட்சமானது என்று தீர்ப்பளித்த பிறகு, 2020 மார்ச் 30-ஆம் தேதி அது நீக்கப்பட்டது. அதாவது நமது ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில்.

இதில் இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. எபோலாவுக்குச் சற்று முன்பாக, வங்காள தேசத்து பிராக் ஸ்தாபனம் அந்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் சிறுமிகளுக்கென்று சங்கங்கள் அமைத்திருந்தது. ஒரு குடிசை, ஊரறிந்த ஒரு மூத்த பெண், தினமும் கூடிப் பேசச் சில மணி நேரம். கொஞ்சம் கைத்தொழில், கொஞ்சம் உடம்பைப் பற்றிய அறிவு. பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. ஓரியானா பாண்டியேரா முதலிய பொருளாதார அறிஞர்கள், சங்கம் இருந்த கிராமங்களையும் இல்லாத கிராமங்களையுமாக 200 கிராமங்களை எடுத்துக்கொண்டு நோய்க்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நோயின் தொல்லை மிகுந்திருந்து, சங்கமும் இல்லாத ஊர்களில், விவாகமாகாத சிறுமிகள் கர்ப்பமாவது நூற்றுக்கு ஏழு என்ற அளவில் கூடியிருந்தது. பள்ளிக்குத் திரும்பாதவர்களும் அதிகம். சங்கம் இருந்த ஊர்களில் இந்தக் கேடு பெரும்பாலும் நேரவில்லை. மருந்தல்ல, பணமல்ல, போலீஸ் அல்ல. சிறுமி போய் உட்கார ஓர் இடமும், அவளை நாள்தோறும் பார்க்கும் ஒரு பெரியவளும் இருந்ததே காரணம். அந்த ஏழைத் தேசத்தில் முடிந்தது நமது ராஜ்யத்தில் முடியாதா? இங்கே ஊருக்கு ஒரு அங்கன்வாடி இருக்கிறது. கிராம சுகாதார நர்ஸ் இருக்கிறாள். சுய உதவிக் குழுக்கள் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன.

நமது நியாயஸ்தலங்கள் சும்மா இருந்தன என்று சொன்னால் அது பொய்யாகும். 2020 ஏப்ரல் 3-ஆம் தேதி ஜஸ்டிஸ் நாகேஸ்வர ராவும் ஜஸ்டிஸ் தீபக் குப்தாவும் தாமாகவே விஷயத்தைக் கையிலெடுத்து, குழந்தைகள் காப்பகங்களில் நோய் பரவாமல் காக்க விரிவான உத்தரவுகள் பிறப்பித்தார்கள். ஜூன் மாதத்தில் சென்னை ராயபுரத்துக் காப்பகம் ஒன்றில் 35 குழந்தைகளுக்கு நோய் கண்டபோது சுப்ரீம் கோர்ட் நமது சர்க்காரைக் காரணம் கேட்டது. சத்துணவு நின்றுபோகாதபடியும் சுப்ரீம் கோர்ட் மார்ச் மாதத்திலேயே தலையிட்டது. அதன்பின் அரிசியும் பருப்பும் குழந்தைகளின் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. இவை பாராட்டத்தக்க காரியங்கள். ஆனால் இவற்றால் பயன் பெற்றவர்கள் யார்? காப்பகத்தில் உள்ள குழந்தையைச் சர்க்காரின் குழந்தையாக நியாயஸ்தலம் பார்த்தது. வீட்டில் உள்ள குழந்தையை அரிசி வாங்கும் வயிறாகப் பார்த்தது. அரிசி கொடுக்கும் அன்றாவது குழந்தையையும் அழைத்து வரச் சொல்லி, உபாத்தியாயினி இரண்டு வார்த்தை பேசி அனுப்பியிருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும். அப்படி ஒரு நிபந்தனை எங்குமே விதிக்கப்படவில்லை.

இனி, நமது யோசனைக்கு வரக்கூடிய ஆட்சேபம் ஒன்றைக் கவனிப்போம். வீட்டுக்குள் சர்க்கார் தலையை நீட்டலாமா? பெற்றவருக்கு இல்லாத கவலை அதிகாரிக்கு உண்டா? இந்த ஆட்சேபத்தை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. 1897-ஆம் வருஷத்தில் புனா நகரத்தில் பிளேக் பரிசோதனை என்ற பெயரால் வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து செய்த அட்டூழியங்கள் நமது தேசத்தின் ஞாபகத்திலிருந்து நீங்காதவை. லோகமான்ய திலகர் அவ்வருஷம் சிறை சென்ற சரித்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. 2020-ஆம் வருஷத்திலும் மருந்து வாங்க வெளியே வந்தவன் முதுகில் லத்தி விழுந்ததை நாம் பார்த்தோம். ஆகவே வீடுதோறும் போலீஸ்காரரை அனுப்புங்கள் என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். நாம் கேட்பது குழந்தைக்குப் பழக்கமான முகம். அவளுடைய உபாத்தியாயினி, இல்லாவிட்டால் அங்கன்வாடி அம்மாள், இல்லாவிட்டால் ஊர் நர்ஸ். வாசலில் நின்று குழந்தையைப் பார்த்து, அதனோடு தனியே ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வர இவர்களுக்கு எந்த வீடும் கதவைச் சாத்தாது. சாத்துகிற வீடு எது என்று தெரிவதும் ஒரு லாபமே.

"அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவார்" என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டு வருபவர்களும் உண்டு. படித்தவர்களிலேயே உண்டு, நீதி சொல்லும் ஸ்தானத்தில் உள்ளவர்களிலும் உண்டு என்பது நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் பிரம்பைத் தொடக்கூடாதென்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் விதிக்கிறது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைக் கொடுமைப்படுத்தினால் மூன்று வருஷம் வரை சிறை என்று 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு விதிக்கிறது. பெற்றோருக்கு அதிலிருந்து விலக்கில்லை. பாலியல் கொடுமை நடந்ததென்று அறிந்தவர் எவரானாலும் தகவல் கொடுத்தே தீரவேண்டும் என்று போக்ஸோ சட்டத்தின் 19-வது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. மறைத்தால் ஆறு மாதம் சிறை; நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு இல்லை. பக்கத்து வீட்டில் நடப்பது நமக்கு எதற்கு என்று இருப்பவர்கள் இந்த இரண்டு வரிகளையும் தயவுசெய்து இன்னொரு முறை படிக்கவேண்டும். ஆகச் சட்டம் ஏற்கெனவே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அதை அமல்படுத்த வேண்டிய கண்ணைத்தான் கொள்ளைநோயின்போது கட்டிவிடுகிறோம்.

குழந்தையே 1098-க்குப் போன் செய்யலாமே என்பார்கள். 1996-ஆம் வருஷத்தில் பம்பாயில் தொடங்கிய அந்த ஏற்பாடு லட்சக்கணக்கான குழந்தைகளுக்குக் கைகொடுத்திருக்கிறது. 2023-ஆம் வருஷம் முதல் அதைச் சர்க்காரே ஏற்று நடத்துகிறது. ஆனால் ஏழை வீட்டில் போன் ஒன்றுதான். அது தகப்பன் சட்டைப் பையில் இருக்கிறது.

பெற்றோரை நோய்க்கு இழந்தவர்களின் விஷயம் தனி. கொள்ளைநோயின் முதல் பதினான்கு மாதங்களில் மட்டும், பெற்றோரையோ, வளர்த்த அல்லது உடன் வசித்த பாட்டன் பாட்டியையோ இழந்த குழந்தைகள் உலகத்தில் பதினைந்து லட்சத்துக்கு மேல் என்று 'லான்செட்' பத்திரிகையில் 2021 ஜூலையில் வெளியான மதிப்பீடு கூறிற்று. மத்திய சர்க்கார் பத்து லட்ச ரூபாயும், நமது சர்க்கார் ஐந்து லட்ச ரூபாயும் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் ஒதுக்கின. நல்ல காரியம். மத்திய சர்க்காரின் பணம் முழுவதும் இருபத்துமூன்று வயதிலும், நமது சர்க்காரின் பணம் பதினெட்டு வயதிலும் கைக்கு வரும். அதுவரை அந்தக் குழந்தை யார் வீட்டில், எப்படி வளர்கிறது என்று மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க ஆள் வேண்டும். பெயரில் பணமுள்ள அனாதைக்கு உறவினர் பெருகுவார்கள்.

அவசரம் என்று தோன்றினால் நமது சர்க்கார்களுக்கு வேகம் இல்லாமலில்லை. 2020-ஆம் வருஷத்தில் வைத்தியர்கள் தாக்கப்பட்டபோது, ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் நிறைவதற்குள், ஏப்ரல் 22-ஆம் தேதி, தொற்றுநோய்ச் சட்டத்தை அவசரச் சட்டத்தினால் திருத்தி, கடுங்காயம் விளைவித்தவனுக்கு ஏழு வருஷம் வரை சிறை என்று விதித்தார்கள். மிகவும் நியாயம். வைத்தியர்களுக்குச் சங்கம் உண்டு. குழந்தைகளுக்குச் சங்கமும் இல்லை, ஓட்டும் இல்லை.

ஆகவே புதுச் சட்டத்தில் கீழ்க்கண்ட கருத்தில் ஒரு ஷரத்துச் சேர்க்கப்பட வேண்டும்: "தொற்றுநோயை முன்னிட்டுப் பள்ளிக்கூடங்களை ஏழு நாளுக்கு மேல் மூடுமாறு உத்தரவிடும் அதிகாரி, அதே உத்தரவில், ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் ஒவ்வொரு குழந்தையையும் வாரம் ஒருமுறையேனும் நேரில் பார்த்துப் பேசவேண்டிய நபர் இன்னார் என்று குறிப்பிடுதல் வேண்டும், அவ்விதம் குறிப்பிடாத உத்தரவு செல்லத்தக்கதன்று." குழந்தை நல அதிகாரிகளும், குழந்தை நலக் குழுக்களும், 1098 ஊழியர்களும் முதல் நாளிலிருந்தே அத்தியாவசிய ஊழியர்களாகக் கருதப்பட்டு, நடமாடும் அனுமதியும் முகக்கவசமும் வைத்தியர்களுக்கு அடுத்தபடியாகப் பெறவேண்டும் என்பதும் அதனுடன் சேர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முந்தி மதுக்கடை திறக்கலாகாது என்று மூன்றாவதாக ஒன்று எழுதத் தோன்றுகிறது. சர்க்கார்கள் அதை ஏற்குமா என்பது சந்தேகமே. ஆயினும் எழுதி வைக்கிறோம்.

இது நடைமுறையில் முடியுமா என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயர் ஒருவருக்கு முப்பது குழந்தைகள் என்பது சட்டத்தின் அளவு. நாளைக்கு ஐந்து வீடு; வாரத்தில் ஆறு நாள்; முப்பதும் முடிந்தது. ஊரடங்கின்போது சர்க்கார் உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் நிற்கவில்லை, வேலைதான் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வரமுடியாவிட்டால் படித்தவர் அவர்களைத் தேடிப் போகலாம் என்பதை 2021 அக்டோபர் 27-ஆம் தேதி ஆரம்பித்த இல்லம் தேடிக் கல்வித் திட்டமே காட்டிவிட்டது. ஊர்ப் பெண்கள் ஆயிரமாயிரமாக முன்வந்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு ஆரம்பித்ததும், பாடத்தோடு நிறுத்திக்கொண்டதும் தவிர அதில் நாம் காணும் குறை ஒன்றுமில்லை. கிராமந்தோறும் குழந்தைப் பாதுகாப்புக் குழு ஒன்று, பஞ்சாயத்துத் தலைவரின் தலைமையில், ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. சந்தேகமான விஷயங்களை உபாத்தியாயினி அந்தக் குழுவிடம் கொண்டுபோகாமல் மாவட்டக் குழந்தை நலக் குழுவுக்கே நேராக எழுத வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஊர்க் குழுவில் குற்றவாளியின் சிற்றப்பனே அங்கத்தினனாக இருப்பான்.

மத்தியச் சட்டம் எப்போது வருமோ, நமது ராஜ்யம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1939-ஆம் வருஷத்து மதராஸ் பொதுஜன சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் உயிரோடிருக்கிறது. இந்த மாதிரிச் சட்டத்தை இந்தியாவிலேயே முதலில் செய்தது சென்னைதான் என்று நாம் பெருமை பாராட்டிக்கொள்கிறோம். முகக்கவசம் அணியாதவனிடம் இருநூறு ரூபாய் வசூலிப்பதற்காக 2020 செப்டம்பரில் அதைத் திருத்தினார்கள். திருத்தக்கூடிய சட்டம் என்பது அதனாலேயே விளங்கும். நமது சட்டசபை அங்கத்தினர்களில் எவரேனும் இதைத் தனிப்பட்ட மசோதாவாகக் கொண்டுவர முன்வந்தால், மேலே கண்ட வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதைவிடச் செம்மையான வாசகம் எழுதி அனுப்பும் வக்கீல்களும், வீடு வீடாகப் போனால் என்னென்ன இடைஞ்சல் வரும் என்று அனுபவத்தில் அறிந்த உபாத்தியாயினிகளும் நமக்கு எழுதட்டும். இந்தப் பக்கத்தில் பிரசுரிக்கச் சித்தமாக இருக்கிறோம்.